டில்லி–சென்னை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சென்ற ஐப்பசி மாதம் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு தம்பிக்கு இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி வந்தது. கும்பகோணத்துக்கு அருகே கிராமத்தில் அவருடைய அப்பா காலமாகிவிட்டார். உடனே காலை ஏழு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "ரெண்டே முக்கால் மணி நேரம்தான் பெரியப்பா, மத்தியானம் வந்துடுவேன்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊரில் மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லியனுப்பினார்கள். விமானம் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை. வழியெல்லாம் "விக்கிரவாண்டி தாண்டிட்டேன், பண்ருட்டி வந்துட்டேன்" என்று போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். அவர்களும் நாலரை வரை காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் காரியம் முடிய வேண்டுமே! தம்பி வாசலில் போய் இறங்கியபோது மணி ஐந்தேகால். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தாகிவிட்டது.

திரும்பி வந்தபின் என்னிடம் சொன்னார்: "நான் தப்பா சொல்லல சார். டிக்கெட்ல அப்படித்தான் போட்டிருந்துது."

அவர் சொன்னது உண்மை. டிக்கெட்டில் போட்டிருந்ததும் உண்மை. ஆனால் பெரியப்பா கேட்டது வேறு கணக்கு. 1988-ல் எனக்குத் தந்தி வந்தபோது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான் போனேன். எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. டில்லியிலிருந்து வருகிறவன் மறுநாள் ராத்திரிக்கு முன்னால் வர முடியாது என்பது ஊருக்கே தெரியும். ஆகாய விமானம் வந்தபிறகுதான் இந்தச் சங்கடம். இரண்டே முக்கால் மணி என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது எதன் அளவு என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் கிலோமீட்டர் கல்லை எண்ணியவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் தூரம். "டில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால் "எந்தத் தூரம்?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். புது டில்லியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் தூரம் 2,182 கி.மீ. இது தண்டவாளத்தின் மேலேயே அளந்தது. ஒவ்வொரு வளைவும் இதில் சேரும். நம் வண்டி ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இடார்சி, நாக்பூர், பல்லார்ஷா என்று வந்து வாரங்கல் வழியாக விஜயவாடாவுக்குப் போகிறது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் விஜயவாடா சென்னையைவிடவும் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து கடலோரமாக ஓங்கோல், நெல்லூர், கூடூர் என்று இறங்க வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கட்ட இடம் எங்கே, மலையில் ஏற்றம் எங்கே குறைவு, சரக்கு எங்கே கிடைக்கும் என்று பார்த்துத்தான் அந்தக் காலத்தில் பாதை போட்டார்கள். நேராகப் போக வேண்டும் என்பது யாருடைய நோக்கமும் அல்ல.

விமான தூரம் எவ்வளவு என்பதை யாரையும் கேட்காமல் நாமே கணக்கிட்டு விடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். டில்லி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 28 பாகை 34 கலை, கிழக்கு தீர்க்கரேகை 77 பாகை 7 கலை. சென்னை மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை, 80 பாகை 10 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பது பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். கிலோமீட்டரில் 1.852.

இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 15 பாகை 35 கலை, அதாவது 935 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 3 பாகை 3 கலை, அதாவது 183 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கோசைன் மதிப்பான 0.935-ஆல் பெருக்க வேண்டும். 171 கடல் மைல் வரும். இனி பிதாகரஸ் தேற்றம்தான். 935-ன் வர்க்கத்தையும் 171-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 950 கடல் மைல், சுமார் 1,760 கி.மீ. பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் உண்மையில் இதில் நாலைந்து கி.மீ. குறையும். அது போகட்டும். ரயில் தூரத்தைவிட 420 கி.மீ. குறைவு. சென்னையிலிருந்து விஜயவாடாவுக்கு ரயிலில் போகிற தூரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

வரைபடத்தில் அந்த நேர்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டுப் பார்த்தேன். குவாலியருக்கு மேற்கே, போபாலுக்குக் கிழக்கே, நாக்பூருக்குச் சுமார் 50 கி.மீ. மேற்கே போகிறது. பிறகு ஹைதராபாதுக்கும் வாரங்கலுக்கும் நடுவே புகுந்து, நாகார்ஜுனசாகர் அணைக்கு அருகே கிருஷ்ணா நதியைத் தாண்டுகிறது. பகல் விமானத்தில் ஜன்னல் சீட்டு கிடைத்து, மேகமும் இல்லாமல் இருந்தால் அந்தத் தண்ணீர்ப் பரப்பு தெரியும். நாக்பூர் கிட்டத்தட்டப் பாதி வழி. இந்த ஊரை நடுவில் வைத்துத்தான் 1949-ல் இரவுத் தபால் விமானங்களைத் தொடங்கினார்கள். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நாக்பூரில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பின. பிரயாணிகளும் அதில் போனார்கள். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊரும் அதுதான் என்பதில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

விமானமும் அந்தக் கோட்டின் மேலேயே போவதில்லை. ஆகாயத்திலும் குறிக்கப்பட்ட பாதைகளும் புள்ளிகளும் இருக்கின்றன. எங்கள் அப் லைன், டவுன் லைன் போல அங்கே ஏற்பாடு உயரத்தில். எதிரெதிராக வருகிற விமானங்களுக்கு இடையே ஆயிரம் அடி உயர வித்தியாசம் இருக்கும். டில்லியில் ஓடுபாதைகள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருப்பதால் தெற்கே போகிற விமானமும் முதலில் கிழக்கேயோ மேற்கேயோ பார்த்துத்தான் கிளம்பித் திரும்ப வேண்டும். சென்னையில் பெரிய ஓடுபாதை ஒரு முனையில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. காற்று எதிரே இருக்கும்படி இறங்க வேண்டும் என்பது விதி. மேல்காற்று அடித்தால் விமானம் கடலுக்கு மேல் போய்த் திரும்பி வந்து இறங்கும். இப்படிப் பறக்கும் தூரம் ஐம்பது நூறு கி.மீ. கூடும்.

இந்த வழித்தடத்தில் காற்று பெரிய வில்லன் அல்ல. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றாறு ஓடுகிறது. கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு வருகிறவர்கள் அதை எதிர்த்து வருவதால் போனதைவிட அதிக நேரம் ஆகும். நம் வழி வடக்கு தெற்கு. காவிரியில் பரிசல்காரர் நேரே கரையேற வேண்டுமானால் சற்று மேல்புறம் பார்த்துத் துடுப்புப் போடுவார் அல்லவா? விமானியும் அப்படியே மூக்கைச் சற்று மேற்கே திருப்பிக்கொண்டு தெற்கே போவார்.

இப்போது நேரம். இந்தத் தடத்தில் அதிகம் ஓடும் ஏர்பஸ் ஏ-320 போன்ற விமானம் உயரே நிலைபெற்றபின் மணிக்கு சுமார் 830 கி.மீ. போகும். 1,760-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிஷம். ஆனால் ரயில் புறப்பட்டவுடன் 130 கி.மீ. வேகம் எடுப்பதில்லை, விமானமும் அப்படித்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடு உண்டு. மேலே ஏறி நிலைபெற இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இறங்குவதற்கும் சென்னைக்கு 200 கி.மீ. முன்பே, நெல்லூர் மாவட்டத்தின் மேலே இருக்கும்போதே, ஆரம்பித்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்து தரையை விட்டுக் கிளம்பித் தரையைத் தொடுவதற்கு சுமார் 2 மணி 20 நிமிஷம். இதுதான் உண்மையில் பறக்கிற நேரம்.

அப்படியானால் டிக்கெட்டில் 2.45, 2.50 என்று ஏன் போடுகிறார்கள்? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. அதற்கு பிளாக் டைம் என்று பெயர். நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். டில்லியில் அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து சென்னையில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. எங்கள் ரயில்வேயில் பிளாக் என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதையை வேலைக்கு எடுத்துக்கொள்வது. முதலில் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. டில்லி நிலையத்தில் நான்கு ஓடுபாதைகள் இருக்கின்றன. வாசலிலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே கால் மணி இருபது நிமிஷம் ஆவது சகஜம்.

இதிலே கொஞ்சம் தாராளக் கணக்கும் கலந்திருக்கும். குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்களும் அதைத்தான் செய்தோம். பாதையில் வேலை நடந்தால் வண்டி மெதுவாகப் போக வேண்டுமே என்று கால அட்டவணையிலேயே இன்ஜினியரிங் அலவன்ஸ் என்று சில நிமிஷங்களை ஒதுக்குவோம். அதைப் பெரும்பாலும் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் வைப்பார்கள். அதனால்தான் வழியெல்லாம் அரைமணி தாமதமாக வந்த வண்டி சென்ட்ரலுக்கு மட்டும் சரியான நேரத்தில் வந்து சேரும் அதிசயம் நடக்கிறது! விமானக் கம்பெனிகளும் நெரிசலுக்காக நிமிஷங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு.

இந்த எண்ணுக்கு இன்னொரு பலனும் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் பிரயாணிக்குச் சாப்பாடு தர வேண்டும். இரண்டரையைத் தாண்டி ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரம் தாமதமானால்தான் தர வேண்டும். நாம் பறப்பது 2.20 என்றாலும் அட்டவணை 2.30-ஐத் தாண்டிவிட்டதால் டில்லி–சென்னைக்காரர்கள் டிபனுக்கு ஒரு மணி நேரம் அதிகம் காத்திருக்க வேண்டியவர்கள். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் என்று கேட்க உரிமை உண்டு. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

இனிதான் பெரியப்பா கேட்ட கணக்கு. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம்? உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்படுவதற்கு 60 நிமிஷம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை உண்டு. ஏறும் வாசலும் இருபது இருபத்தைந்து நிமிஷம் முன்பே மூடப்படும். ஆகவே இரண்டு மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்க வேண்டும். டில்லியில் முதல் முனையம் ஓரிடத்தில், இரண்டும் மூன்றும் வேறிடத்தில். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போக முடியாது. எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். பகலில் மெட்ரோவை விடச் சிறந்தது இல்லை. மூன்றாம் முனையத்துக்கு புது டில்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலைய மெட்ரோவில் சுமார் 20 நிமிஷம்தான். முதல் முனையத்துக்கு மெஜந்தா லைன் போகிறது. விடியற்காலை விமானத்துக்கு இரண்டும் உதவாது.

நம் தம்பியின் நாளை இப்படி எழுதிப் பார்த்தேன். காலை 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். 7 மணிக்கு விமானம், 9.50-க்குச் சென்னை. வெளியே வந்து கார் பிடிக்க 10.30. கும்பகோணம் சாலை வழியாக 290 கி.மீ. அளவு. விக்கிரவாண்டிக்கு அப்புறம் பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை என்று ஊர்களுக்குள் புகுந்து போவதும், சாலை வேலைகளும் சேர்ந்து ஆறரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. 5.15-க்கு வீடு. ஆக மொத்தம் 13 மணி 15 நிமிஷம். இதில் ஆகாயத்தில் இருந்தது 2 மணி 20 நிமிஷம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காரில் போன நேரம் பறந்த நேரத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆகவே நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பிடிக்க வேண்டிய இடம் தரைதான்.

தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் சென்னையில் மாறித் திருச்சிக்குப் பறப்பதைப் பார்க்கலாம். சென்னை–திருச்சி ஒரு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் இரண்டரை மணி. சென்னையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் மாலை நாலு மணிக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நம் தலையெழுத்து. கொங்கு நாட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். டில்லியிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் உண்டு. ஒரு விசித்திரம், இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையை ஒட்டி இருக்கின்றன. கோவை டில்லிக்கு நேர் தெற்கு! சுமார் 1,940 கி.மீ. கணக்கிடப் பிதாகரஸ்கூட வேண்டாம்.

சென்னையில் இறங்கிப் பேருந்தில் போகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போய்விட வேண்டாம். தெற்கே போகும் அரசுப் பேருந்துகளுக்கென்று 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள். விமான நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் நேரே தெற்கே, வண்டலூரை அடுத்து. ரயில்தான் வேண்டும் என்றால் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். அங்கிருந்து புறநகர் வண்டியில் தாம்பரம் போய்த் தெற்கு வண்டிகளைப் பிடிக்கலாம்.

காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டில்லி மூடுபனியில் காலை விமானத்தை நம்பி ஊருக்கு நேரம் சொல்லக் கூடாது. கருவிகளின் துணையோடு 50 மீட்டர் பார்வைத் தெளிவிலேயே விமானத்தை இறக்கிவிட முடியும். ஏறுவதற்கு 125 மீட்டர் வேண்டும். ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானி கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டியிருப்பதுதான் காரணம். வந்த விமானங்கள் எல்லாம் கிளம்ப முடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற மாதங்களில் முதல் விமானமே நல்லது. ஒரே விமானம் நாள் முழுதும் ஐந்தாறு ஊர் சுற்றுகிறது. காலையில் பட்ட தாமதம் மாலை வரை தொடரும். லேட்டாக வந்த வண்டியின் பெட்டிகளே அடுத்த வண்டியாகக் கிளம்பும்போது எங்களுக்கு நேர்வதும் இதுதான். ஐப்பசி கார்த்திகையில் கவனிக்க வேண்டியது சென்னைப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை விட்டார்கள். 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் பெங்களூர் போய் அங்கிருந்து சாலை வழி போவதா, கோவைக்கு டிக்கெட் எடுப்பதா என்று முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இதையெல்லாம் எழுதி முடித்தபின் எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டை தயாரித்தேன். தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. "ஊருக்கு: வாசலிலிருந்து வாசலுக்கு 13 மணி. மழை, பனி என்றால் 17. போனில் மணியைச் சொல்லும்போது இதைத்தான் சொல்லவும்." மூன்றாவது மாடித் தம்பி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய அம்மா ஊரில்தான் இருக்கிறார்கள். அட்டையின் அடியில் என் மனைவி பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "சாவி எதிர் வீட்டில் கொடுக்கவும், கேஸை மூடவும்."